தென்னாட்டில் இரும்பின் தொன்மை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரினின்றும் ஆவடி நோக்கி ஒருவர் காலைப் பொழுதில் நடந்து செல்வாராயின், அவர் செவியிற் படும் ஒலிகளுள் இரும்பை இரும்பு அறையும் ஓசையே மிகுதியாயிருக்கும். 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசற் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும், அக்காலத்திலேயே ஆவடியில் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இப்பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டன. இவையெல்லாம் மேனாட்டார் கற்பித்த தொழில் என்று நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். பொறிகளைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்துவதே. ஆயின் இரும்பை மண்ணினின்றும் பிரித்தெடுத்து, அதனை எஃகாக்கும் வித்தையைப் பற்றிய வரை, இந்நாட்டின் வரலாறு வேறு வகையாக இருக்கின்றது. அவ்வரலாற்றையும், அதனை அறிஞர் எவ்வாறு அறிந்தனர் என்பதனையும் ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றோம்.

பழைய மக்களின் நாகரிகத்தைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மூன்றாக வகுத்தவர் டென்மார்க்கு நாட்டுக் கிறித்தியன் தாம்சன் என்பார். கோபனேகன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை எவ்வாறு அடுக்குவது என்று ஆராய்ந்த அவர், அவை எதனாற் செய்யப்பட்டன என்பதனையே அளவுகோலாகக் கொண்டார். 1836-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது சிறு நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. ஐரோப்பாவுக்கு இம்முறை நன்கு பொருந்தும். தன்யூபு ஆற்றையடுத்த பால்கன் நாடுகளில் கி.மு. 5000-ஐ ஒட்டியே செம்பை உருக்கினர். கருங்கடற் கரையிலுள்ள வர்ணா என்னும் இடத்துக் கல்லறைகளில் ஏறத்தாழ 6,500 ஆண்டுகட்கு முற்பட்ட பொன்னணிகள் குவியலாகக் கிடைத்துள்ளன. பின்னர்ச் செம்பொடு வெள்ளீயம் கலந்து வெண்கலம் செய்தனர். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் மக்கள் இரும்பு வாள் ஏந்தியது கி.மு. 800-ஐ அடுத்தேயாம். படிப்படியாக ஏறிச் செல்லும் ஏணி போல்வது இவ்வரலாறு.

இந்த ஏணியைத் தமிழ்நாட்டிற் கொண்டுவந்து சார்த்தினால் நடுவில் ஒரு படி காணப்படவில்லை. இங்கே புதிய கற்காலத்துக் கோடரிகளை அடுத்து மேற்படையில் வெளிப்படுவது இரும்பே. வெண்கலக் காலம் என்று தனியே பிரித்துக் கூறத்தக்க ஒரு காலம் தென்னாட்டில் இல்லை. செம்பையும் வெண்கலத்தையும் நம் முன்னோர் அறியாதாரல்லர். அவை இரும்பொடு கூடவே கிடைக்கின்றன. காரணம் யாதெனின், நிலத்தின் இயல்பேயாம். தமிழகத்திற் செம்புக்கல் அரிது. வெள்ளீயமோ அதனினும் அரிது. இரும்புக்கல்லுக்கோ பஞ்சமில்லை. சேலத்தை அடுத்த கஞ்சமலை, திருவண்ணாமலையைச் சூழ்ந்த குன்றுகள் முதலியவற்றில் காந்தக்கல் மண்டிக் கிடக்கின்றது. அம்பத்தூருக்கு வடக்கிலுள்ள செங்குன்றம் அப்பெயர் பெற்றதற்குரிய மண்ணின் செம்மையும் இரும்புத் துருவின் நிறமேயன்றி வேறன்று. இல்லாததைத் தேடி அலைவதினும் காலடியிற் கிடப்பதைக் கையாளக் கற்பது மனித இயற்கையன்றோ?

எனினும், காலடியிற் கிடப்பதனாலேயே இரும்பு எளிதில் வசப்பட்டுவிடும் என்று கொள்ளலாகாது. செம்பு 1,085 டிகிரி வெப்பத்தில் உருகி நீர்போல் ஓடும். அச்சில் வார்த்தால் விரும்பிய வடிவம் பெறும். இரும்பு உருகுதற்கு வேண்டுவது 1,538 டிகிரி. பண்டைக் கொல்லனின் மண் உலை அவ்வளவு வெப்பத்தை எட்டாது. ஆகவே அவன் இரும்பை உருக்கவில்லை, கல்லினின்றும் பிரித்தான். களிமண்ணாற் கட்டிய உலையில் கரியும் பொடித்த இரும்புக்கல்லும் மாறிமாறிப் பரப்பி, ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மிதித்தோ அமுக்கியோ இடைவிடாது காற்றூட்டினான். கரி எரியும்போது எழும் ஒருவகை வாயு, இரும்புக்கல்லிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு நீங்கும். ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் கல்லின் மற்றைப் பகுதிகள் உருகிக் கிட்டமாய் வடிந்துவிடும். இரும்பு மட்டும் உருகாது, தேனடைபோற் புழைகள் நிறைந்த ஒரு கட்டியாய் உலையின் அடியில் தங்கும். அதனைச் செவ்வெப்பத்தோடு வெளியிலெடுத்துச் சம்மட்டியால் அடிக்க, உள்ளே சிக்கிய கிட்டம் பிதுங்கி வெளிப்பட்டு, இரும்பு இறுகி ஒன்றாகும். உலையைப் பார்க்குமிடத்து இரும்பு கிடைத்ததா என்பதே தெரியாது. சுரந்த கட்டி கரடுமுரடான கருங்கல்லைப்போல் தோன்றும். அதனுள் உலோகம் உளது என்று முதன்முதல் கண்டறிந்தவனது நுண்ணறிவை என்னென்பது!

வானினின்று வீழும் விண்கல்லிலும் இரும்புண்டு. எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையிற் கிடைத்த குத்துவாள் அவ்வகை இரும்பினாற் செய்யப்பட்டது. அவ்விரும்பில் நிக்கல் என்னும் உலோகம் மிகுதியாகக் கலந்திருத்தலின் அதனை எளிதிற் பிரித்தறியலாம். ஆதலின் ஓரிடத்தில் இரும்பு கிடைத்தது என்பது மட்டும் போதாது. அது உலையிற் பிறந்த இரும்போ, வானினின்று வந்த இரும்போ என்று வினாவுதல் வேண்டும். தென்னாட்டு ஈமக்காடுகளிற் கிடைக்கும் வாளும் ஈட்டியும் கோடரியும் உளியும் எண்ணிறந்தன. இத்துணைப் பொருளை விண்கல்லைக் கொண்டு செய்திருத்தல் இயலாது.

ஈமக்காடு என்றோம். தென்னாட்டு இரும்புக் காலத்தைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் பெரும்பாலும் இறந்தோரை அடக்கிய இடங்களினின்றும் பெற்ற அறிவேயாம். கல்வட்டம், கற்பதுக்கை, முதுமக்கள் தாழி, கால்கள் பொருந்திய சுடுமண் ஈமப்பேழை எனப் பலவகையாக அவை அமைந்துள்ளன. கறுப்பும் சிவப்புமாய்ச் சுட்ட மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் அவற்றுட் பிணத்தோடு வைக்கப்பட்டன. இறந்தோன் மறுமையிலும் வாளேந்துவான் என்று எண்ணினரோ, அவன் கைப்பொருளைப் பிறர் தொடலாகாது என்று எண்ணினரோ, அதனை நாம் அறியோம்; வாள் மட்டும் நமக்காக மண்ணுள் காத்திருந்தது.

நம் பகுதியைச் சூழ்ந்தே இத்தகைய இடங்கள் பல உள. பூந்தமல்லிக்குத் தெற்கே பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவிற் பழைய கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கியது என்பர். அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கு என்பாரும் கொற்றலையாற்றை அடுத்த அதிரம்பாக்கத்திற் கற்கருவிகளை மிகுதியாகக் கண்டனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று சாந்தி பப்பு முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. கல்லின் கதை இங்ஙனமிருக்க, அதே பல்லாவரத்துக் குன்றினடியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்தர் ரீ என்பார் சுடுமண் ஈமப்பேழைகளை அகழ்ந்தெடுத்தார். பல வரிசைக் கால்களோடு தொட்டில்போல் அமைந்த அப்பேழைகள் காண்போர் நெஞ்சை உருக்குவன. திருவள்ளூர் மாவட்டத்து அமிர்தமங்கலத்தில் 1955-இல் என். ஆர். பானர்சி தாழிகளை அகழ்ந்தார். திருவள்ளூரை அடுத்த பட்டறைப் பெரும்புதூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2016-ஆம் ஆண்டளவில் நடத்திய அகழாய்வில், கற்காலக் கருவிகளும் இரும்புக் காலச் சின்னங்களும் அதன் பிற்பட்ட உறைகிணறும் ஒரே ஊரில் வெளிப்பட்டன. அவ்வூர்ப் பெயரிற் பட்டறை என்னுஞ் சொல் வந்திருத்தலைக் கொண்டு, ஆண்டுக் கொல்லர் உலைக்களம் இருந்தது என்று துணிவாரும் உளராவர். ஊர்ப்பெயர் இனிய சான்றேயன்றி உறுதியான சான்றன்று. உலையின் கிட்டமும் ஊதுகுழாயும் கிடைத்தாலன்றி அவ்வாறு கூறுதல் பொருந்தாது.

ஈமக்காடுகளிற் பெரியது பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தை 1876-இல் பெர்லின் நகரத்து யாகோர் என்பார் தோண்டிப் பல பொருள்களைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ முறைப்படி அகழ்ந்து, இரும்புக் கருவிகளையும், விலங்குருவங்கள் பொருந்திய அழகிய வெண்கலக் கலங்களையும், நெற்றியிற் கட்டும் பொற்பட்டங்களையும் வெளிப்படுத்தினார். அவற்றுட் பல எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. ஆவடியினின்று மின்தொடர்வண்டியிற் புறப்பட்டால் ஒருமணி நேரத்திற் சென்று காணத்தக்க இப்பொருள்களை, மாணவ நண்பருள் எத்துணைப் பேர் கண்டுள்ளனர் என்று அறிய விழைகின்றோம்.

இனி, இவற்றின் காலம் யாது? இவ்வினாவின் விடை கடந்த எண்பது ஆண்டுகளிற் பெயர்ந்தவாறு வியக்கத்தக்கது. 1947-இல் மைசூர்ப் பக்கத்துப் பிரமகிரியில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், மண்ணடுக்குகளை ஒப்பிட்டுத் தென்னாட்டுப் பெருங்கற் கல்லறைகள் கி.மு. 200-ஐ ஒட்டித் தொடங்கின என்று முடிவு கூறினார். அக்காலத்தில் அவருக்கு வேறு அளவுகோல் இல்லை. இரண்டாண்டு கழித்து, 1949-இல், அமெரிக்க இரசாயன அறிஞர் வில்லார்டு லிபி கதிரியக்கக் கார்பன் முறையை வெளியிட்டார். மரமும் நெல்லும் உயிரோடிருக்கும் வரை காற்றினின்றும் ஒருவகைக் கார்பனைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். இறந்தபின் பெறுவது நிற்க, உள்ளது மெல்லமெல்லச் சிதையும். 5,730 ஆண்டிற் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். இம்முறையால் கன்னட நாட்டு ஹள்ளூரில் இரும்பின் காலம் கி.மு. 1000-ஐ எட்டியது. இரும்பு மேற்கினின்று வந்தேறிய மக்களோடு வந்தது என்று பானர்சி 1965-இல் எழுதிய நூலிற் கூறினார். திலீப் குமார் சக்கரவர்த்தி 1976-இல் அதனை மறுத்து, இந்நாட்டிலேயே அவ்வித்தை தோன்றியிருத்தல் கூடும் என்றார். கங்கைச் சமவெளியின் ஓரத்து மல்ஹர் முதலிய இடங்களில் அக்காலம் கி.மு. 1800 வரை சென்றது.

தமிழ்நாட்டில், கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையிற் கிடைத்த மாதிரி கி.மு. 2172 என்னும் காலத்தைக் காட்டியது. இச்செய்தி 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதனினும் பெருவியப்பு, ஆதிச்சநல்லூருக்கு அணித்தாயுள்ள சிவகளையினின்று வந்தது. ஆண்டுத் தாழிகளில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரி முதலிய மாதிரிகள் கி.மு. 2953-க்கும் 3345-க்கும் இடைப்பட்ட காலத்தன என்று, பேராசிரியர் கா. இராசனும் இர. சிவானந்தமும் எழுதிய அறிக்கை கூறிற்று. அது 2025 சனவரி 23-ஆம் நாள் வெளியிடப்பெற்றது. மாதிரிகள் அமெரிக்காவிலுள்ள பீட்டா ஆய்வகத்தும், அகமதாபாத்து, இலக்னோ ஆகிய நகரத்து ஆய்வகங்களிலும் அளக்கப்பட்டன. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியிற் கிடைத்த ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 என்பதும் அவ்வறிக்கையிற் காணப்படும்.

இச்செய்தியைக் கேட்டு உளங்களிப்பது இயல்பே, யாமும் களித்தோம். ஆயினும் கல்லூரியிற் பயில்வோர் களிப்போடு நின்றுவிடலாகாது. கதிரியக்கக் கார்பன் முறை கரியின் வயதைக் கூறுமேயன்றி இரும்பின் வயதை நேரே கூறாது. பழைய மரத்தின் உட்பகுதி தாழி புதைக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இறந்த பகுதியாயிருத்தல் கூடும். மண்ணில் முன்னரே கிடந்த கரித்துண்டு தாழியினுட் புகுந்திருத்தலும் கூடும். சிவகளையிலேயே ஒரு தாழியின் நெல் கி.மு. 1155 என்று காட்ட, வேறு தாழிகளின் மாதிரிகள் அதனினும் இரண்டாயிரம் ஆண்டு முற்படுகின்றன. ஓர் ஈமக்காட்டில் அத்துணை நெடுங்காலம் இடைவிடாது தாழி புதைத்தனரோ, அன்றி நடுவில் விட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கினரோ என்பது மேலும் பல தாழிகளை அளந்தாலன்றித் தெளியாது. பல ஆய்வகங்கள் தனித்தனியே அளந்தும் விடை ஒருபுடை ஒத்திருத்தல் இக்கொள்கைக்கு வலிமை தருவது. சிவகளையிற் கிடைத்தவை ஈமப்பொருள்கள், உலைக்களத்துப் பொருள்கள் அல்ல என்பது அதற்குள்ள குறை. இரும்பு செய்த இடமும், சமைத்த ஊரும், கழித்த கிட்டமும் அக்காலத்துக்கு உரியனவாய்க் கிடைக்கும் நாளில் வழக்கு முடிவுறும். அதுகாறும், உலகிற்கே இரும்பு ஈந்தோம் யாமே என்று மேடைதோறும் முழங்குவது சான்றை முந்திச் செல்லுதலாகும்.

அங்ஙனம் முந்திச் சென்றவர் நம்மவர் மட்டுமல்லர். 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஆங்கிலேயர் சோசையா மார்ஷல் ஹீத்து என்பார், எகிப்தியரின் கருங்கற் தூண்கள் இந்திய எஃகினால் செதுக்கப்பட்டன என்று வாதித்தார். பிற்கால ஆராய்ச்சி அதனை ஏற்கவில்லை. ஆனால் அதே ஹீத்து, சேலத்துக் கொல்லர் எஃகு செய்யும் முறையைக் கண்கூடாகக் கண்டு எழுதிவைத்த குறிப்பு பொன்போற் போற்றத்தக்கது. இரும்புத் துண்டுகளைச் சிறு களிமண் மூசையிலிட்டு, அவற்றோடு ஆவாரங்கட்டையை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை இரண்டொன்றை இட்டு, வாயை மண்ணால் அடைத்து, பல மூசைகளை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவர். உள்ளே கட்டையும் இலையும் கரியாகிக் கார்பனாய் இரும்பிற் கலக்கும். கார்பன் கலந்த இரும்பு தூய இரும்பினும் குறைந்த வெப்பத்தில் உருகுமாதலின், மூசையினுள் அது முற்றும் உருகி, ஆறியபின் ஒரு சிறு கட்டியாகும். நூற்றுக்கு 1 முதல் 2 வரை கார்பன் கலந்த அதுவே உலகம் வியந்த எஃகு. வேலியோரத்துச் செடிகளாகிய ஆவாரையும் எருக்கும் இவ்வித்தைக்குத் துணையாயின என்பதை எண்ணுந்தோறும் யாம் இறும்பூது எய்துகின்றோம்.

இதனை மேனாட்டார் ஊட்சு என்றனர். கன்னடத்து உக்கு, தமிழின் உருக்கு என்னுஞ் சொற்களோடு அதனை இயைத்துக் கூறுவர். 1795-இல் சார்ச்சு பியர்சன் இதனைப்பற்றி இலண்டன் அரச கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். மின்னாற்றலின் தந்தையாகப் போற்றப்படும் மைக்கேல் பாரடே இளமையில், 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இவ்வெஃகின் மறையை அறிய முயன்று கலப்பெஃகு பலவற்றைச் செய்து பார்த்தார். மறை எளிதில் வெளிப்படவில்லை. ஆனால் அவர் முயற்சியினின்றே கலப்பெஃகு ஆராய்ச்சி கிளைத்தது.

இவ்வெஃகு எக்காலத்தது? நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், சங்ககாலத்தை ஒட்டிய இரும்புலைகளும் மூசை வைத்த உலையும் வெளிப்பட்டன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசை ஓடுகள் குவிந்திருத்தலைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டார். சேலம் மாவட்டத்துத் தெலுங்கனூரிற் கிடைத்த ஒரு வாள், கார்பன் மிகுந்த எஃகினால் ஆனது என்றும், கி.மு. 15 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்டது என்றும் ஆய்ந்தோர் கூறுவர். அதனருகே மாங்காட்டிற் கிடைத்த இரும்பு அதனினும் முற்பட்டது. மாங்காடு என்றவுடன் பூந்தமல்லியை அடுத்த நம் மாங்காட்டை எண்ணிச் சிலர் மகிழக்கூடும். இது மேட்டூர்ப் பக்கத்து மாங்காடு. பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு.

ஹீத்தின் ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. உலைக்குக் கரி வேண்டிக் காடுகள் அழிந்தன. கப்பலேறி வந்த சீமை இரும்பு விலை மலிந்து கிடைத்தது. காட்டுக் கட்டுப்பாடுகளும் வந்து சேர்ந்தன. பெரிய ஆலையே தளர்ந்தபோது சிற்றூர்க் கொல்லன் என் செய்வான்? உலை அவிந்தது, அவன் மக்கள் பழைய வண்டிப் பட்டையையும் தண்டவாளத் துண்டையும் வாங்கி ஏர்க்கொழு அடிக்கத் தொடங்கினர். கல்லினின்றும் இரும்பு பிரிக்கும் அறிவு ஓரிரு தலைமுறையில் நாட்டினின்றும் மறைந்தது. எழுதி வைக்காத அறிவாதலின், அது மறைந்ததைக் கூட எவரும் பெரிதாகக் கருதவில்லை.

இப்பொழுது மறைந்து வருவது அவ்வறிவின் சான்று. நம் புறநகர்களில் ஏரிக்கரை மேடுகளும் சரளை நிலங்களும் நாடோறும் மனைகளாகின்றன. பழையோர் விளைநிலத்தை விட்டு, இத்தகைய மேட்டு நிலத்திலேயே இறந்தோரை அடக்கினர். எனவே இன்று மண்வெட்டும் பொறி முதலிற் பாய்வது அவர் ஈமக்காட்டின்மேல் ஆகின்றது. கல்வட்டத்துக் கற்கள் கடைக்காலுக்குப் போகின்றன. தாழி உடைந்தால் பானை ஓடென்று வீசுகின்றனர். அதனுள்ளிருந்த வாளோ, துருப்பிடித்து மண்ணொடு கட்டிப்போய், வாளென்று அறியவொண்ணாத கோலத்திற் கிடத்தலின் கல்லோடு கல்லாய்ப் போகின்றது. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, மண்ணுள் மறைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். சட்டத்தை அறிந்தாரும் பொன்னையே புதையலென்று கருதுகின்றனர். துருப்பிடித்த இரும்பைப் புதையலென்று கருதுவார் இலர்.

ஆகவே, கடைக்கால் தோண்டுமிடத்துக் கறுப்புஞ் சிவப்புமான ஓடோ, தடித்த தாழி விளிம்போ, எடை மிகுந்த செந்துருக் கட்டியோ கண்ணிற் பட்டால், மாணவ நண்பர்காள், அதனைக் கழுவவேண்டா. துருவைச் சுரண்டவும் வேண்டா. கிடந்தபடியே ஒரு படம் எடுத்து, தரையினின்றும் எத்துணை அடி ஆழத்திற் கிடந்தது, எவ்வகை மண்ணில், எப்பொருளோடு சேர்ந்து கிடந்தது என்று குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ ஆட்சியர்க்கோ தெரிவித்தல் தகும். தாழியினுட் கரித்துண்டு இருப்பின் அதனை விரலால் தொடுதலும் ஆகாது. கையின் எண்ணெய்ப் பசையும் தாளின் நாரும் அதன் கார்பனோடு கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனை அகழ்வோர் வந்து, தூய கரண்டியால் எடுத்து, அலுமினியத் தகட்டிற் பொதிந்து ஆய்வகத்துக்கு அனுப்புவர்.